ரேடியேட்டர் தண்ணி கலர் மாறிடுச்சா? கலரைப் பாக்காதீங்க, கலங்கலைப் பாருங்க

போன சித்திரையில சேலம் போயிட்டு தர்மபுரி திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏத்தத்துல எங்க கார் ஹீட் ஏறிடுச்சு. 2003 மாடல், சின்ன பெட்ரோல் வண்டி, அப்பா வாங்குனது. முன்னாடி கல்லு லோடு ஏத்துன லாரி, ரெண்டாவது கியர்ல அது பின்னாடியே ஊர்ந்துட்டு போறோம், டெம்பரேச்சர் முள்ளு பாதியில இருந்து மெல்ல மெல்ல மேல போகுது, ஏசிய நிறுத்தி ஹீட்டரைப் போட்டு எப்படியோ மேட்டைத் தாண்டி ஒரு டீக்கடை ஓரமா நிறுத்தினோம். முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, ஹோஸை அமுக்கிப் பாத்து, பழைய துண்டைப் போட்டு ரேடியேட்டர் மூடியத் திறந்தா உள்ள இருந்தது பச்சையும் இல்ல, தண்ணியும் இல்ல, அப்படியே ராகி கூழ் கலர்.

மறுநாள் காலையில தர்மபுரியில ஒரு பட்டறைக்கு கொண்டு போனேன். அவரு மூடியத் திறந்து ஒரு எட்டு பாத்தாரு, "ஹெட் கேஸ்கட் போச்சு தம்பி, ஹெட்டை இறக்கணும், 18,000 ஆகும்"னு சொல்லிட்டாரு. (ஹெட்ங்கறது இன்ஜினோட மேல்பாகம், ஹெட் கேஸ்கட்ங்கறது அதுக்கும் கீழ இருக்கிற பிளாக்குக்கும் நடுவுல தண்ணி, ஆயில், புகை ஒன்னோட ஒன்னு கலக்காம அடைச்சு வைக்கிற தகடு.) எனக்கு அப்ப ஒன்னும் தெரியாது, சரின்னு சொல்ற நிலையிலதான் இருந்தேன். காவேரிப்பட்டணத்துல அப்பாவோட சிநேகிதர் ஒருத்தர் இருக்காரு, முப்பது வருஷம் லாரி ஓட்டுனவரு, மாமான்னுதான் கூப்பிடுவோம். போன்ல விஷயத்தைச் சொன்னதும் அவரு கேட்டது ஒரே கேள்வி: "மாப்ளே, அந்தத் தண்ணிய பாட்டில்ல புடிச்சு வெச்சு பாத்தியா?"

புடிச்சு வெச்சேன். காலையில பாத்தா பாட்டிலுக்கு அடியில ஒரு விரக்கடை உயரத்துக்கு செம்மண்ணு மாதிரி படிஞ்சிருக்கு, மேல கட்டன் டீ மாதிரி தெளிஞ்ச தண்ணி, எண்ணெய்ப் படலம் ஒரு பொட்டு கூட இல்ல. வெறும் துரு. ஹெட்டை இறக்க வேண்டிய வேலையே இல்ல. அதுக்கப்புறம்தான் இந்த விஷயத்தை ஒழுங்கா உக்காந்து கத்துக்கிட்டேன், பழைய கார் வெச்சிருக்கிற நம்ம ஊர்க்காரங்க யாருக்காவது உதவும்னு எழுதறேன்.

முதல்ல ரேடியேட்டர்ல ஊத்துற கூலன்ட்னா என்னன்னு புரிஞ்சுக்கணும். அதுல நாலு சரக்கு இருக்கு. தண்ணி, எத்திலீன் கிளைக்கால்னு ஒரு கெமிக்கல், துரு புடிக்காம பாத்துக்கிற மருந்து கொஞ்சம், அப்புறம் சாயம். சூட்டை இழுத்துட்டு போறது பெரும்பாலும் தண்ணிதான். கிளைக்கால் என்ன பண்ணுதுன்னா தண்ணி கொதிக்கிற சூட்டை உயர்த்தி விடுது, குளிர் நாட்டுல உறையாம பாத்துக்குது. நம்ம தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் மார்கழியில எவ்வளவு குளிருனாலும் ரேடியேட்டர் உறையற அளவுக்கு போகாது, அதனால "நம்ம ஊருக்கு எதுக்கு கூலன்ட், பச்சைத் தண்ணியே போதும்"னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அங்கதான் தப்பு நடக்குது. நமக்கு வேண்டியது உறையாம இருக்கிறது இல்ல, அந்த மூணாவது சரக்கு, துருத் தடுப்பு மருந்து. அதுதான் இன்ஜினோட உள்பக்கத்தைக் காப்பாத்துறது.

நாலாவதா சொன்ன சாயத்துக்கு இன்ஜின்ல ஒரு வேலையும் கிடையாது. பச்சை, நீலம், பிங்க், ஆரஞ்சுன்னு எந்தக் கம்பெனி எந்தக் கலர் போடணும்னு பொதுவா ஒரு சட்டமும் இல்ல. ஒரு கம்பெனி பச்சையும் இன்னொரு கம்பெனி பச்சையும் உள்ள வேற வேற மருந்தா இருக்கலாம். அதனால "ஆரஞ்சா இருக்கு, துரு வந்துடுச்சு"ன்னு பயப்படாதீங்க, அந்த வண்டியில ஊத்துனதே ஆரஞ்சு கூலன்ட்டா இருக்கலாம், செகண்ட் ஹேண்ட்ல வாங்குன வண்டியில இந்தக் குழப்பம் ரொம்ப சாதாரணம். கண்ணாடி பாட்டில்ல ஊத்தி பின்னாடி டார்ச் அடிச்சுப் பாருங்க. நல்ல கூலன்ட் எந்தக் கலரா இருந்தாலும் வெளிச்சம் நேரா ஊடுருவி இந்தப் பக்கம் வரும், ரோஸ் மில்க் எசன்ஸ தண்ணியில கலந்தா இருக்குமே அந்த மாதிரி கலர் இருக்கும் ஆனா தெளிவா இருக்கும். கெட்டுப்போன கூலன்ட்ல வெளிச்சம் உள்ளேயே நின்னுடும், கலங்கலா இருக்கும். நான் தலைப்புல சொன்னது இதைத்தான்.

சரி, சாம்பிள் எப்படி எடுக்கறது. இதை அவசரப்படாம செய்யணும். ரிசர்வ் டேங்க்ல (ரேடியேட்டரோட டியூப்ல சேர்ந்திருக்கிற பிளாஸ்டிக் டப்பா) மட்டும் எடுத்தா போதாது, அந்த டேங்க் பிளாஸ்டிக்கே வருஷக்கணக்கா வெயிலும் சூடும் பட்டு மஞ்சளாகிப் போயிருக்கும், அடியில பழைய வண்டல் உக்காந்திருக்கும், அதைப் பாத்து ஒன்னும் முடிவு பண்ண முடியாது. வண்டிய ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் ஓட்டி உள்ள இருக்கிறது கலந்ததுக்கு அப்புறம் நிறுத்தி, நல்லா ஆறவிட்டு, அதுக்கப்புறம் ரேடியேட்டர் மூடிய திறந்து, ஊசி இல்லாத பெரிய சிரிஞ்ச்ல சின்ன டியூப் மாட்டி கொஞ்சம் ஆழத்துல இருந்து உறிஞ்சுங்க. கால் லிட்டர் போதும்.

ஆறவிடணும்னு சொன்னதை சாதாரணமா எடுத்துக்காதீங்க. ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்ல, குக்கர் வெயிட் மாதிரி ஒரு வேலை அதுக்கு இருக்கு, பெரும்பாலான வண்டியில ஏறக்குறைய 0.9 கிலோ பிரஷரைப் புடிச்சு வைக்கும். அந்த பிரஷர்ல வெறும் தண்ணியே 118 டிகிரி வரைக்கும் கொதிக்காம அடங்கிக் கிடக்கும். நீங்க மூடியத் திறந்த நொடி பிரஷர் போயிடும், உள்ள 110 டிகிரியில இருக்கிற தண்ணி அப்படியே பொங்கி ஆவியா மூஞ்சில அடிக்கும். விசில் அடங்காத குக்கரை யாரும் திறக்க மாட்டாங்க, இதையும் அப்படியே நினைச்சுக்கோங்க. ரேடியேட்டர் மேல்பக்கம் மாட்டியிருக்கிற ரப்பர் குழாயை (மேல் ஹோஸ்) அமுக்கிப் பாருங்க, கல்லு மாதிரி இருந்தா இன்னும் பிரஷர் இருக்குன்னு அர்த்தம், தளதளன்னு அமுங்குனாத்தான் கை வைக்கணும்.

இன்னொன்னு, எடுத்த சாம்பிளை தண்ணி பாட்டில்ல ஊத்தி வெச்சா அதுமேல பெருசா விஷம்னு எழுதி, பசங்க கைக்கு எட்டாத இடத்துல வைங்க. கிளைக்கால் இனிப்பா இருக்கும், ஆனா கிட்னிய காலி பண்ற விஷம். நாய், பூனை, கன்னுக்குட்டி எல்லாம் வாய் வைக்கும்.

இப்ப பாட்டிலை ஆட்டாம ஒரு ராத்திரி வைங்க. காலையில அது மூணு விதமா பேசும். அடியில வண்டல் படிஞ்சு மேல தெளிஞ்சிருந்தா துரு, இல்ல உப்பு. மேல படலமா மிதந்தா எண்ணெய். ராத்திரி பூரா வெச்சும் பிரியாம பால் காபி மாதிரியே நின்னா எண்ணெயும் தண்ணியும் அடிச்சு கடைஞ்ச மாதிரி ஒன்னாயிடுச்சுன்னு அர்த்தம், இதுதான் கவலைப்பட வேண்டியது. சந்தேகமா இருந்தா ஒரு பழைய வெள்ளைப் பீங்கான் தட்டுல (அப்புறம் சாப்பாட்டுக்கு எடுக்கக்கூடாது) சுத்தமான தண்ணி ஊத்தி அதுல ரெண்டு சொட்டு விட்டு வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. எண்ணெய் இருந்தா மழை நாள்ல பெட்ரோல் பங்க் தரையில தெரியுமே அந்த வானவில் படலம் விரியும். துருவா இருந்தா சொட்டு நேரா கீழ போய் செம்புள்ளியா உக்காரும், விரல்ல எடுத்து தேச்சா நறநறன்னு இருக்கும்.

துருவைப் பத்தி கொஞ்சம் அதிகமாவே சொல்லணும், ஏன்னா நம்ம மாவட்டத்துல பழைய வண்டிக்கு வர்ற கலர் மாத்தத்துல நான் பாத்த வரைக்கும் பெரும்பாலும் இதுதான். பழைய கார்ல பெரும்பாலும் இன்ஜின் பிளாக் வார்ப்பு இரும்பு, மேல இருக்கிற ஹெட் அலுமினியம், ரேடியேட்டர் சில வண்டியில பித்தளை செம்பு, சிலதுல அலுமினியம். வேற வேற உலோகம் பக்கத்து பக்கத்துல இருந்து நடுவுல உப்புத் தண்ணி ஓடுனா அது ஒரு சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்ய ஆரம்பிக்கும், ஒரு உலோகம் இன்னொன்னுக்காக கரைஞ்சு போகும். துருத் தடுப்பு மருந்து இதைத்தான் தடுத்துட்டு இருக்கு. மருந்து தீர்ந்துபோனா, இல்ல மருந்தே இல்லாத வெறும் தண்ணிய ஊத்திட்டு இருந்தா, இரும்பு கரைய ஆரம்பிச்சு தண்ணி மொதல்ல டீ கலர், அப்புறம் புளித்தண்ணி, அப்புறம் ராகி கூழ். தண்ணி மட்டம் குறைஞ்சு உள்ள காத்து புகுந்தா இன்னும் வேகமா துருப்புடிக்கும், துருவுக்கு தண்ணி மட்டும் போதாது காத்தும் வேணும், இரும்பு வாளி தண்ணி மட்டம் நிக்கிற கோட்டுலதான் அதிகமா துருப்புடிக்கும்னு வீட்லயே பாத்திருப்பீங்க.

நம்ம தண்ணிய பத்தி உங்களுக்கே தெரியும். தர்மபுரி கிருஷ்ணகிரி போர் தண்ணியில ஃப்ளோரைடு அதிகம், பல்லு கறைப்படுறதுக்கும் எலும்பு பாதிக்கிறதுக்கும் காரணம்னுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டமே வந்துச்சு. காருக்குப் பிரச்சினை ஃப்ளோரைடு இல்ல, அந்தத் தண்ணியில கூடவே இருக்கிற சுண்ணாம்பு உப்பும் குளோரைடும். வெந்நீர் வைக்கிற அண்டாவை கவுத்துப் பாருங்க, வாட்டர் ஹீட்டர் காயிலை கழட்டிப் பாருங்க, வெள்ளையா செதில் செதிலா படிஞ்சிருக்கும். அதே செதில்தான் இன்ஜினுக்குள்ள சிலிண்டரைச் சுத்தி இருக்கிற தண்ணி வழியிலயும் ரேடியேட்டர் டியூப்லயும் படியுது. இந்தச் செதில் சூட்டை சரியா கடத்தாது, இரும்புக்கும் தண்ணிக்கும் நடுவுல போர்வை போத்துன மாதிரி நிக்கும், அதனால சமவெளியில நல்லா ஓடற வண்டி தொப்பூர் ஏத்தத்துல மட்டும் ஹீட் ஏறும். எங்க வண்டியில நடந்தது இதேதான். மூணு வருஷமா தண்ணி குறைஞ்சப்பெல்லாம் வீட்டு போர் தண்ணிய சொம்புல கொண்டு போய் ஊத்துனது நானு. பட்டறைக்காரர் கேஸ்கட்னு சொன்னது தப்பு, ஆனா வண்டிய அந்த நிலைமைக்கு கொண்டு வந்தது என்னோட சொம்புதான்.

துருத் தண்ணிய அப்படியே ஓட்டுனா என்ன ஆகும்னு கேட்டா, உடனே ஒன்னும் ஆகாது, அதுதான் ஆபத்து. துருப்பொடி உப்புத்தாள் மாதிரி வாட்டர் பம்ப் சீலைத் தேய்க்கும், ரேடியேட்டர் டியூப்ல அடைக்கும், பிளாக்ல கோர் பிளக்னு சின்ன தகடு மூடி இருக்கும் அது உள்பக்கமா அரிச்சு ஒருநாள் ஊசி ஓட்டை விழும். அப்புறம் ஹீட் ஏறி ஏறி அலுமினியம் ஹெட் வளைஞ்சு கடைசியில நிஜமாவே ஹெட் கேஸ்கட் போகும். அதாவது இன்னைக்கு துரு, நாளைக்கு கேஸ்கட்.

இங்க ஒரு விஷயம், பழைய லாரி டிரைவருங்க வழியில ரேடியேட்டர் ஒழுகுனா மஞ்சத்தூள் போடுவாங்க. அது ஓட்டையில போய் அடைச்சு பக்கத்து ஊர் வரைக்கும் கொண்டு போயிடும், அவசரத்துக்கு நல்ல கைவைத்தியம்தான், நான் குறை சொல்லல. ஆனா செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குறவங்க இதைத் தெரிஞ்சு வெச்சுக்கணும். ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தா செக்கச்செவேல்னு ஆகுதுல்ல, நல்ல கூலன்ட்டும் சுண்ணாம்புத் தண்ணி மாதிரி காரத்தன்மை உள்ளதுதான், அதனால மஞ்சத்தூள் விழுந்த கூலன்ட் செம்பழுப்பா மாறி துரு மாதிரியே தெரியலாம். பாட்டில்ல படிஞ்சதை விரல்ல தேச்சா நறநறங்காம மாவு மாதிரி இருந்து, மூடிக்கு அடியில மஞ்ச கறை இருந்தா, துருவைவிட முக்கியமா கேக்க வேண்டிய கேள்வி எங்க ஒழுகுச்சுங்கறதுதான். கடையில விக்கிற லீக் அடைக்கிற பவுடருக்கும் இதே கதைதான், பழுப்பு சேறா நின்னு ஹீட்டர் டியூபை அடைக்கும்.

அடுத்தது பால் காபி கலர். இது எண்ணெய் கலந்தது, இதுல விளையாடக்கூடாது. எண்ணெய் எப்படி உள்ள வருதுன்னா இன்ஜின் ஓடும்போது ஆயில் பிரஷர் மூணு நாலு கிலோ இருக்கும், கூலன்ட் பிரஷர் ஒரு கிலோவுக்குள்ளதான், ரெண்டுக்கும் நடுவுல எங்கயாவது தடுப்பு உடைஞ்சா ஓடும்போது ஆயில் கூலன்ட்டுக்குள்ள தள்ளப்படும். இன்ஜினை நிறுத்தினதும் ஆயில் பிரஷர் சுத்தமா போயிடும், ஆனா சூடா இருக்கிற வரைக்கும் கூலன்ட் பிரஷர் இருக்கும், அப்ப தண்ணி ஆயிலுக்குள்ள போகலாம். அதனால ரேடியேட்டர் மூடியில எண்ணெய் பாத்தா உடனே டிப்ஸ்டிக்கையும் (இன்ஜின் ஆயில் மட்டம் பாக்குற குச்சி) எடுத்துப் பாருங்க. டிப்ஸ்டிக்ல ஆயில் மோர்க்குழம்பு மாதிரி வெளுத்து, மட்டமும் ஏறியிருந்தா வண்டிய ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீங்க, கட்டி இழுத்துட்டு போங்க. தண்ணி கலந்த ஆயில்ல பேரிங் எல்லாம் கொஞ்ச தூரத்துலயே போயிடும்.

எண்ணெய்னு உறுதியானாலும் அது ஹெட் கேஸ்கட்தான்னு சொல்லிட முடியாது. பாலக்கோட்டுல எங்க சித்தப்பா தக்காளி ஏத்த ஒரு பழைய டீசல் வண்டி வெச்சிருக்காரு, அதுல இப்படி காபி கலர் வந்துச்சு, எல்லாரும் கேஸ்கட் கேஸ்கட்னாங்க. ஆனா டிப்ஸ்டிக் சுத்தமா இருக்கு, புகை இல்ல, காலையில ஸ்டார்ட் பண்ணா குமிழி வரல, ஹீட்டும் ஏறல. டீசல் வண்டி நிறைய பேர் வெச்சிருக்கீங்க, அதுல பலதுக்கு ஆயில் கூலர்னு ஒன்னு இருக்கும், ஒரு பக்கம் ஆயிலும் இன்னொரு பக்கம் கூலன்ட்டும் ஓடும், அதுல உள்ள ஒரு பொத்தல் விழுந்தா இதே காபிதான். கழட்டி தண்ணியில முக்கி காத்து அடிச்சுப் பாத்தாங்க, பொத்தல் தெரிஞ்சுது, கூலரை மாத்துனதோட முடிஞ்சுது. ஹெட்டை இறக்கியிருந்தா காசும் போயிருக்கும், எண்ணெயும் நின்னிருக்காது. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியா இருந்தா கியர் ஆயிலும் ரேடியேட்டருக்குள்ள ஒரு கூலர் வழியா போய் வரும், அது உடைஞ்சா பிங்க் கலர் மில்க் ஷேக் மாதிரி வரும், அதையும் ஓட்டக்கூடாது.

அப்ப ஹெட் கேஸ்கட் போனதை எப்படி கண்டுபிடிக்கறது? காலையில முழுசா ஆறுன இன்ஜின், ரேடியேட்டர் மூடிய எடுத்துட்டு ஸ்டார்ட் பண்ணி தள்ளி நின்னு பாருங்க. ஆரம்பத்துல ஒன்னு ரெண்டு குமிழி வந்து நின்னா அது உள்ள மாட்டியிருந்த காத்து. நிக்காம சோடா மாதிரி பொங்கிட்டே இருந்தா சிலிண்டர் புகை தண்ணிக்குள்ள வருது. மூடி போட்டு ஸ்டார்ட் பண்ண ஒன்னு ரெண்டு நிமிஷத்துலயே, தண்ணி சூடாகறதுக்கு முன்னாடியே மேல் ஹோஸ் கல்லு மாதிரி ஆச்சுன்னா அதே அர்த்தம். சைலன்சர்ல வெள்ளைப் புகை சூடான பிறகும் அடங்காம இனிப்பு வாசனையோட வர்றது, வெளிய எங்கயும் ஒழுகாமலே தண்ணி குறையறது, நாலு ஸ்பார்க் பிளக்ல ஒன்னு மட்டும் கழுவி வெச்ச மாதிரி பளிச்சுன்னு இருக்கறது, இதெல்லாமும் பாக்கணும். ஒன்னை வெச்சு முடிவு பண்ணாதீங்க, ரெண்டு மூணு சேர்ந்து வந்தா நம்புங்க. இன்னும் உறுதியா வேணும்னா நீல கலர் டெஸ்ட் தண்ணி ஒன்னு இருக்கு, ரேடியேட்டர் வாய்ல இருந்து வர்ற காத்தை அதுக்குள்ள உறிஞ்சணும், சிலிண்டர் புகையில இருக்கிற கார்பன் டை ஆக்சைடு பட்டா நீலம் மஞ்சளா மாறிடும். ஹெட்டை இறக்கச் சொல்றவர்கிட்ட இந்த டெஸ்ட் பண்ணிட்டீங்களான்னு மரியாதையா கேளுங்க, நல்ல மெக்கானிக் யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

ஓசூர் பக்கம் இருக்கிறவங்க ஒன்னு கவனிக்கணும். குளிர் காலத்துல தினமும் ரெண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டி நிறுத்துற வண்டியில ஆயில் ஊத்துற மூடிக்கு அடியில வெண்ணெய் மாதிரி படிஞ்சிருக்கும். அது உள்ள வேர்த்த தண்ணி, இன்ஜின் முழுசா சூடாகாததால வர்றது. டிப்ஸ்டிக்கும் கூலன்ட்டும் சுத்தமா இருந்தா ஒரு நீள ஓட்டம் கிருஷ்ணகிரி வரைக்கும் போயிட்டு வாங்க, போயிடும்.

மத்த கலரெல்லாம் சுருக்கமா சொல்றேன். சாயமே இல்லாம வெளுத்துப்போய் பச்சைத் தண்ணி மாதிரி இருந்தா தண்ணி ஊத்தி ஊத்தி கூலன்ட் நீர்த்துப்போச்சு, இன்னும் துரு வரலைன்னா நல்ல நேரம், இப்பவே மாத்திடுங்க. ஜெல்லி மாதிரி, பாகு மாதிரி கட்டி கட்டியா இருந்தா ஒத்துப்போகாத ரெண்டு வகை கூலன்ட்டை யாரோ கலந்துட்டாங்க. கருப்பா இருந்தா பழைய ஹோஸ் உள்பக்கம் கரையுதா பாருங்க, விரலை விட்டு துடைச்சா மை மாதிரி ஒட்டும், டீசல் வண்டியா இருந்தா கருப்பு ஆயிலும் ஒரு காரணம். ஹோஸ் மாட்டுற இடத்துல வெளிய வெள்ளையா பச்சையா பூத்திருந்தா அங்க கசிஞ்சு காய்ஞ்சிருக்கு.

இப்ப துருத் தண்ணிய சுத்தம் பண்றது. ரேடியேட்டருக்கு அடியில இருக்கிற திருகைத் திறந்துவிட்டா எல்லாமே வந்துடும்னு நானும் நினைச்சேன், வராது. எங்க வண்டிக்கு மொத்தம் 4 லிட்டர்னு வைங்க, கீழ வந்தது இரண்டரை லிட்டர்தான், மீதி ஒன்றரை லிட்டர் பிளாக்குக்குள்ளயே நிக்குது. அதனால ஒரு தடவை மாத்துனா பழைய அழுக்குல 37 சதவீதம் உள்ளயே இருக்கும், ரெண்டாவது தடவை 14, மூணாவது 5, நாலாவது 2 சதவீதம். அதான் நாலு தடவையாவது அலசணும்னு சொல்றது. ஒவ்வொரு தடவையும் தண்ணி நிரப்பி, வண்டியில ஹீட்டர் இருந்தா அதை முழு சூட்டுல திறந்து வெச்சு, ஃபேன் ஓடற வரைக்கும் இன்ஜினை ஓடவிட்டு, அப்பத்தான் தெர்மோஸ்டாட் (சூடானதும் தானா திறந்து தண்ணிய ரேடியேட்டருக்கு விடற வால்வு) திறந்து பிளாக் தண்ணியும் சுத்தி வரும், அப்புறம் ஆறவிட்டுத் திறந்து விடணும். சூடா இருக்கும்போது பச்சைத் தண்ணிய ஊத்திடாதீங்க, ஹெட் வெடிச்சுடும். இதுக்கே ஒரு நாள் போயிடும், ஞாயித்துக்கிழமை காலையில ஆரம்பிங்க. துணி சோப்புத்தூள் போட்டு அலசுறவங்க இருக்காங்க, நுரை உள்ள நின்னு காத்து மாட்டிக்கும், வேண்டாம். செதில் ரொம்ப இருந்தா ரேடியேட்டரைக் கழட்டி ரேடியேட்டர் கடையில குடுத்து டியூபெல்லாம் குத்தி எடுத்து சுத்தம் பண்ணச் சொல்றதுதான் வழி, எங்களுதுல அப்படித்தான் செஞ்சோம், வெளிய வந்த செதிலை உள்ளங்கையில வெச்சுப் பாத்தேன், முட்டை ஓடு கனம் இருந்துச்சு.

கடைசி அலசலுக்கும் கூலன்ட் கலக்கறதுக்கும் போர் தண்ணி வேண்டாம், பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்கிக்கோங்க. கூலன்ட் வாங்கும்போது லேபிளைப் படிங்க, சிலது அப்படியே ஊத்துறது, சிலது தண்ணி கலக்க வேண்டியது. கலக்குற வகைன்னா கணக்கு இப்படி: பிளாக்ல ஏற்கனவே ஒன்றரை லிட்டர் சுத்தத் தண்ணி நிக்குது, அதனால முதல்ல 2 லிட்டர் கூலன்ட்டை அப்படியே ஊத்தி அப்புறம் அரை லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் ஊத்துனா மொத்தத்துல பாதிக்குப் பாதி வந்துடும். வண்டி புக்குல வேற அளவு போட்டிருந்தா அதையே வைங்க. முழுக்க கூலன்ட்டா ஊத்துனா இன்னும் நல்லதுன்னு நினைக்காதீங்க, கிளைக்கால் தண்ணி அளவுக்கு சூட்டை இழுக்காது. பழைய பச்சை வகைய பொதுவா 2 வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும், நீண்டநாள் வகை 5 வருஷம் வரைக்கும் வரும்.

நம்ம பக்கம் பட்டறையில ஹீட் ஏறுதுன்னு போனா தெர்மோஸ்டாட் வால்வைப் புடுங்கிப் போட்டுடறது ஒரு பழக்கம். எனக்கு இதுல சுத்தமா உடன்பாடு இல்ல. அது இல்லைன்னா இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது, பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஆயில் கெடும். வால்வு கெட்டிருந்தா புதுசு போடுங்க, பெரிய விலை இல்ல. அதோட ரேடியேட்டர் மூடியயும் மாத்திடுங்க, ரப்பர் காய்ஞ்ச மூடி பிரஷரைப் புடிக்காது, ரிசர்வ் டேங்குக்குப் போன தண்ணிய திரும்ப இழுக்காது, உள்ள காத்து புகுந்து மறுபடி துருதான்.

வடிச்ச பழைய கூலன்ட்டை சாக்கடையிலயோ வயக்காட்டு ஓரத்துலயோ ஊத்தாதீங்க, ஆடு மாடு வாய் வைக்கும். மூடி போட்ட கேன்ல ஊத்தி, பழைய ஆயில் சேக்குற பட்டறையில எடுத்துக்கிறாங்களான்னு கேட்டு குடுத்துடுங்க.

மாத்துனதுக்கு அப்புறம் ரிசர்வ் டேங்க்ல மட்டம் நிக்கிற இடத்துல மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வெச்சு, ஒரு வாரம் தினமும் காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி பாருங்க. முதல் ரெண்டு நாள் கொஞ்சம் இறங்கும், உள்ள இருந்த காத்து வெளிய வர்றதால. அதுக்கப்புறமும் இறங்கிட்டே இருந்தா ஒழுகுது. ரெண்டாவது வாரம் மறுபடி ஒரு பாட்டில் புடிங்க. எங்க வண்டியில அப்ப பச்சைக்குள்ள லேசா ஒரு பழுப்பு தெரிஞ்சுது, மாமாகிட்ட காட்டுனேன், "இடுக்குல நின்ன பழசு மாப்ளே, இன்னொரு தடவை மாத்திடு"ன்னாரு. மாத்துனேன். ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போயிட்டு கூட்டத்துல ஊர்ந்து ஊர்ந்து பென்னாகரம் மலை ஏறுனப்ப முள்ளு பாதியத் தாண்டல, மறுநாள் காலையில டேங்க்ல தண்ணி கோட்டுலயே நின்னுச்சு.